தோட்டப்புறச் சபை ஊழியமும் சிறு பிள்ளைகளுக்கான நேரமும்

தலவாக்கலைப் போதகர்:
கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு என் ஸ்தோத்திரங்கள். தலவாக்கலைக்கு அருகில் ஒரு சபையையும், அதைச் சேர்ந்த சில தேயிலைத் தோட்டங்களின் ஜெபக் கூட்டங்களையும் நான் கவனித்து வருகிறேன். மூத்த மகள் தரம் ஒன்றில் படிக்கிறாள். மகனுக்கு இன்னும் முன்பள்ளி வயது வரவில்லை. ஊழியர் பயிற்சிகளில், மாலை நேரத்தைக் குடும்பத்துக்கென ஒதுக்க வேண்டும் என்று தவறாமல் கூறுகிறார்கள். அந்த ஆலோசனை நகரச் சபைகளுக்குப் பொருந்தலாம். எங்கள் மக்களோ பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்து, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) திரும்பி, பிள்ளைகளுக்குச் சமைத்து முடித்த பின்னரே ஒரு போதகரை உட்காரவைத்துப் பேச இயலும் என்பதால், வீட்டுச் சந்திப்பு, குடும்ப ஜெபம், வாலிபர் கூட்டம் ஆகிய எல்லாமே மாலையிலும் இரவிலும்தான் நடக்கின்றன. நான் வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கிவிடுகிறார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு, வீடிழந்தவர்களுக்கான கடிதங்கள், படிவங்கள், அலுவலகங்களுக்கு உடன் செல்வது என வேலை மேலும் கூடியிருக்கிறது. தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்ற 1 தீமோத்தேயு 3:5 வசனத்தைப் பிரசங்கிக்கவே எனக்குத் தயக்கமாக உள்ளது. இத்தகைய சூழலில் ஊழியம் செய்பவர்கள் பிள்ளைகளுக்கான நேரத்தை எவ்வாறு ஒழுங்கு செய்கிறீர்கள்?

பொகவந்தலாவை, போதகரின் மனைவி:
ஐயா, மாலையை மீட்க முயல்வதை விட்டுவிடுங்கள். அது தோட்டத்து மக்களுக்கு உரிய நேரம். அதே தோட்டத்து நேர ஒழுங்குதான் உங்களுக்கு வேறொரு நேரத்தைத் தருகிறது. மகள் பாடசாலை விட்டு வரும் பிற்பகலிலிருந்து மாலைக் கொழுந்து நிறுவை முடியும் வரை, சபையில் பெரும்பாலோர் மலையில் இருக்கிறார்கள், அல்லது தொழிற்சாலையில் இருக்கிறார்கள். அந்நேரத்தில் போதகரைத் தேடி வருபவர் மிகச் சிலரே. எங்கள் வீட்டில் அந்த இரண்டு, இரண்டரை மணி நேரம் பிள்ளைகளுக்கு உரியது. அவர் அவர்களோடு சாப்பிடுவார், பாடக் கொப்பியைப் பார்ப்பார், மழை இல்லையென்றால் வெளியே கூட்டிச் செல்வார். பிரசங்க ஆயத்தத்தையும் சேகர வேலைகளையும் காலையில் முடித்துவிடுகிறார். முன்பு பிற்பகலில்தான் வாசிக்க உட்காருவார். அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போதகரின் நேரத்தைப் பற்றிப் பேசும்போது மனைவியின் நேரத்தை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. மாதர் கூட்டமும் ஞாயிறு பாடசாலையும் எங்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தேநீர் வைப்பதும் நாங்கள்தான். பிற்பகலில் நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அந்த நேரத்தையாவது அம்மாவுக்கு விட்டுக் கொடுங்கள்.

மஸ்கெலியா, சபை மூப்பர்:
சகோதரியின் ஆலோசனையை ஏற்கிறேன். ஆயினும் நேரத்தை இடம் மாற்றினால் மட்டும் சுமை குறையாது. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், ஒரே ஆளாக எல்லா வழக்குகளையும் விசாரித்த மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று கூறி, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னதை நாம் அடிக்கடி பிரசங்கத்தில் கேட்கிறோம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்னும் இரு பிள்ளைகளையும் எத்திரோ அழைத்து வந்தார் என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்தவரே, மறுநாள் வேலையைப் பங்கிடவும் சொன்னார்.

எங்கள் சபையில் சிங்களத்தில் வரும் கடிதங்களை வாசித்து விளக்குவதும், படிவங்கள் நிரப்புவதும், கிராம சேவகரிடம் உடன் செல்வதும் உயர்தரம் படித்த வாலிபர்களுக்கு ஒப்படைக்கப்பட்டுள்ளன. போயா தினத்து (பௌர்ணமி விடுமுறை நாள்) உபவாச ஜெபத்தை ஒன்றுவிட்டு ஒரு மாதம் மூப்பர்களே நடத்துகிறோம்; பாடசாலைக்கும் அன்று விடுமுறை என்பதால் போதகர் பிள்ளைகளோடு இருக்கலாம். போதகர் வராமல் மூப்பர் வந்தால் சில வீடுகளில் மனம் சுளிப்பார்கள். ஆகவே இதைப் போதகர் தாமாகக் கேட்டுப் பெறக் கூடாது. கமிட்டி தீர்மானித்து, செயலாளர் ஆராதனை அறிவித்தலில் வாசிக்க வேண்டும்.

பதுளை, ஓய்வுபெற்ற போதகர்:
ஒழுங்கு நல்லது. ஆனால் மரண வீடு நேரம் பார்த்து அழைப்பதில்லை. லயத்தில் ஓர் இழப்பு என்றால் பிற்பகலும் போயாவும் நில்லாது. அப்படிப் போகும் நாளுக்குப் பதிலாக வேறொரு நாளை உடனே குறித்துவிடுங்கள். விடுமுறைக்கும் இதே கவனம் வேண்டும்: டிசம்பரில் பிள்ளைகளுக்கு விடுமுறை, நமக்கோ கரோல் சுற்றும் கிறிஸ்மஸ் ஆராதனைகளும், ஏப்ரலில் தபசு காலமும் உயிர்த்தெழுதல் பண்டிகையும் வந்து நிற்கும். வழமையாக ஆகஸ்ட் விடுமுறைதான் சபைக்கு ஓய்வான காலம், அதை வேறு முகாம்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இங்கிலாந்தின் எப்வர்த் ஊர்ப் போதகரின் மனைவி சூசன்னா வெஸ்லி, தம் பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசக் கிழமையில் ஒரு மாலையை ஒதுக்கினார். வியாழன், பின்னாளில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய மகன் ஜோன் வெஸ்லிக்கு உரியது. வளர்ந்த பின்னரும் அந்த வியாழன் மாலையை நினைவுகூர்ந்து ஜோன் தாய்க்கு எழுதினார். அதைச் செய்தவர் தாய், போதகரான தந்தை அல்லர் என்பதை நம் போன்றவர்கள் கவனித்துக்கொள்வது நல்லது.

ஒரு போதகரின் மகள், பண்டாரவளை:
பெரியவர்கள் நேரத்தைப் பற்றிக் கூறிவிட்டீர்கள். பிள்ளையாக வளர்ந்தவள் என்ற முறையில் ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன்: அந்தப் பிற்பகலில் நடந்தவற்றை ஞாயிறு பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்லாதீர்கள். நான் அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு முழுச் சபையும் சிரித்த பிறகு, பல காலம் அவரிடம் எதையும் கேட்காமல் இருந்தேன்.

தலவாக்கலைப் போதகர்:
அனைவருக்கும் நன்றி. பிற்பகல் ஒழுங்கை இக்கிழமையே தொடங்குகிறேன்; மற்றவற்றைக் கமிட்டிக்கு எடுத்துச் செல்லும்படி எங்கள் செயலாளரிடம் பேசுகிறேன். மூப்பர் ஐயாவிடம் ஒரு கேள்வி: வீட்டுச் சந்திப்பைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் நோயாளர்களுக்குத் திருவிருந்து கொண்டுசெல்வது என்னால் மட்டுமே ஆகக்கூடியது. அதையும் மாலையில்தான் வைத்திருக்கிறீர்களா?

மஸ்கெலியா, சபை மூப்பர்:
இல்லை, ஐயா. நோயாளர்களும் முதியவர்களும் பகல் முழுவதும் லயத்தில்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போன பின் தனித்தும் இருக்கிறார்கள். எங்கள் போதகர் புதன் காலையில் போகிறார். வீட்டார் எவராவது உடன் இருக்க விரும்பினால் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அவர்களுக்கு மட்டும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் வைத்துக்கொள்கிறோம்.