1884 ராயபுரம், கடலோர பங்களா, துப்பறியும் பெண்: கதை எங்கே இடிக்கிறது?

கேட்பவர்: மாடிப்பூங்கா

விக்டோரியா மகாராணி காலத்து இருட்டு மாளிகைக் கதைகளின் சாயலில் ஒரு மர்ம நாவல் எழுதுகிறேன். களம் 1884 ராயபுரம். கப்பல் சரக்கு துபாஷ் (வெள்ளையருக்குத் தரகரும் மொழிபெயர்ப்பாளருமாக இருந்தவர்) வழியில் வந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், கடலைப் பார்த்த பெரிய பங்களா. மூத்த மருமகள் ஒரே ராத்திரியில் காலரா கண்டு இறந்தாள் என்று சொல்லி மறுநாள் காலையிலேயே அடக்கம் செய்துவிடுகிறார்கள். அதே வாரம் வீட்டு வேலைக்காரி காணாமல் போகிறாள். துப்பறிபவள் அன்னம்மாள், 22 வயது, பக்கத்துத் தெரு உபதேசியார் மகள். மருமகள் செத்தது பாஷாணத்தால், அதாவது ஆர்சனிக்கால். வேலைக்காரி இருப்பது சுவருக்குள்.

இப்போதைய வரைவில் பனிமூட்டமான இரவு, கேஸ் விளக்கு, டிராமில் வந்து இறங்கும் அன்னம்மாள். இன்ஸ்பெக்டர் கைரேகையை ஒப்பிடுகிறார், கொலைகாரன் அவரிடமே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், தூக்கு. இதில் எதெல்லாம் நிற்காது? பாஷாணத்தை அவள் எப்படி நிரூபிப்பாள்? பிணவாடையை வைத்துச் சுவரைக் கண்டுபிடிக்கும் பழைய வழி வேண்டாம், வேறு வழி இருக்கிறதா?

பதில்: கல்மண்டபம்

முதலில் நீக்க வேண்டியவை. மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895. அன்னம்மாள் ஜட்கா குதிரை வண்டியில் வரட்டும், அல்லது நடக்கட்டும். கேஸ் விளக்கு லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் பொருந்தும், நம் தெருவுக்கு எண்ணெய் விளக்குதான். கைரேகைக்கு முதல் அலுவலகமே கல்கத்தாவில் 1897-ல்தான் வந்தது. ஹைகோர்ட்டின் சிவப்புக் கட்டடம் 1892. ஜார்ஜ் டவுன் என்ற பெயரும் அப்போது இல்லை, கறுப்பர் பட்டணம் என்றே எழுதுங்கள்.

பனிமூட்டத்துக்குப் பதில் ஐப்பசி, கார்த்திகைப் புயலை எடுத்துக்கொள்ளலாம். 1881 நவம்பர் புயல் கட்டிமுடிக்காத துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரைப் பிய்த்துப் போட்டது. 1884-ல் அந்த இடிபாட்டைப் பங்களா மாடியிலிருந்து பார்க்க முடியும். இருட்டு மாளிகைக் கதைக்கு இதைவிட நல்ல பின்புலம் எங்கே கிடைக்கும்?

கடைசிக் காட்சியை நீங்கள் மாற்றியே ஆகவேண்டும். 1872 சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. இன்ஸ்பெக்டர் முன்னால் அவன் எவ்வளவு கதறினாலும் தண்டனைக்கு உதவாது, மாஜிஸ்ட்ரேட் முன்னால் சொல்லவேண்டும். இதைத் தெரிந்த கொலைகாரன் இன்ஸ்பெக்டரிடம் துணிந்து ஒப்புக்கொண்டு, மறுநாள் மாஜிஸ்ட்ரேட்டிடம் வாய் திறக்காமல் நின்றால் உங்களுக்கு ஒரு நல்ல அத்தியாயம் கிடைக்கும்.

பட்டணத்துச் சந்தேக மரணத்தை அப்போது விசாரித்தவர் காரனர் என்ற மரண விசாரணை அதிகாரி. 1871 சட்டம், கூடவே ஜூரி. புதைத்த உடலைத் தோண்டச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு உண்டு. அன்னம்மாள் தானே ராத்திரியில் கல்லறையைத் தோண்டினால் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பார், ஆனால் வழக்கு அங்கேயே செத்துவிடும்.

பதில்: துத்தநாகம்

குடும்பத்தைக் கிறிஸ்தவர்களாக வைத்தது சரியான முடிவு. எரித்திருந்தால் பாஷாணம் பெரும்பாலும் புகையோடு போயிருக்கும். புதைத்தால் வருஷக்கணக்கில் உடலில் நிற்கும். ஆனால் தோண்டும்போது சவப்பெட்டிக்கு மேலே, கீழே, சற்றுத் தள்ளி என்று மண்ணும் தனித்தனியாக எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால், மண்ணிலிருந்த ஆர்சனிக்தான் உடலுக்குள் இறங்கியது என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லித் தப்பித்துவிடுவார்.

காலராவையும் பாஷாணத்தையும் குழப்பிக்கொள்வது அக்காலத்தில் இயல்பு. அதனால் வித்தியாசத்தை ஒரு சாட்சி வாயில் வையுங்கள். காலராவில் முதலில் பேதி, பிறகு வாந்தி, கஞ்சித்தண்ணி போலப் போகும். பாஷாணத்தில் பெரும்பாலும் தொண்டை எரிச்சலும் வாந்தியும் முந்தும், பேதி பின்னால் வரும், ரத்தம் கலந்திருக்கலாம். "அம்மா முதல்ல தொண்டை எரியுதுன்னு தண்ணி கேட்டாங்க" என்று பங்கா (கூரையில் தொங்கும் பெரிய விசிறி) இழுத்தவன் சொன்னால் போதும். பங்காக் கயிறு சுவர் ஓட்டை வழியாக வராந்தாவுக்கு வரும். உள்ளே நடப்பதெல்லாம் அவன் காதில் விழும், அவனை யாரும் ஒரு பொருட்டாக நினைக்க மாட்டார்கள்.

பாஷாணம் விற்றவரின் பதிவேட்டைத் தேடும் காட்சி வேண்டாம். அது 1851-ல் இங்கிலாந்துக்கு வந்த சட்டம். இந்தியா முழுமைக்குமான நச்சுப்பொருள் சட்டம் 1904-ல் வந்தது.

ஆர்சனிக் இருக்கிறதா என்று வீட்டில் சோதிக்க மார்ஷ் முறையைக் கொடுக்காதீர்கள். பாஷாணத்தோடு துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்ந்தால் வரும் ஆர்சின் வாயுவே ஆளைக் கொல்லும். 1841-ன் ரைன்ஷ் முறை பொருந்தும். கஞ்சிப் பாத்திரத்தின் அடிவண்டலை எடுக்கட்டும். வெள்ளைப் பாஷாணம் எளிதில் கரையாது, மணலாக அடியில் தங்கும். அதில் மியூரியாடிக் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) சேர்த்து, நகத்தளவு மெல்லிய, பளபளப்பான செம்புத் தகட்டைப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டால் தகட்டில் சாம்பல் கறுப்பு படியும். அது மட்டும் போதாது. பாதரசமும் ஆண்டிமனியும்கூடப் படியும். தகட்டைக் கழுவி உலர்த்தி, குறுகிய கண்ணாடிக் குழாயில் போட்டுச் சூடாக்கினால், குழாயின் குளிர்ந்த பகுதியில் எண்முகப் பட்டை போட்ட வெள்ளைப் படிகம் பூக்கும். பூதக்கண்ணாடியில் அது மின்னினால் ஆர்சனிக். பாதரசம் என்றால் குட்டி உருண்டைகளாக நிற்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வெறும் ஆசிட்டையும் தகட்டையும் மட்டும் கொதிக்கவைத்துப் பார்க்கவேண்டும். 1859-ல் லண்டன் ஸ்மெதர்ஸ்ட் விஷக்கொலை வழக்கில் டாக்டர் ஆல்ஃபிரட் டெய்லர் பயன்படுத்திய செம்பிலேயே ஆர்சனிக் இருந்தது தெரியவந்து அவர் சாட்சியம் கெட்டது. அன்னம்மாளின் முதல் சோதனை இப்படித் தோற்கலாம்.

இந்த முடிவு அவள் சந்தேகத்துக்குத் துணை, அவ்வளவுதான். கோர்ட்டுக்கு அரசாங்க ரசாயனப் பரிசோதகர் சொல்லவேண்டும். மதராஸில் அந்தப் பதவி 1849 முதலே உண்டு.

ஒரு திருத்தம். ஒரே ராத்திரியில் இறந்தவளின் முடியில் தேடி பிரயோஜனம் இல்லை, முடிக்குள் விஷம் ஏற நாள் பிடிக்கும். வயிறு, கல்லீரல்தான் பேசும்.

பதில்: மட்டக்கோல்

சுவர் பற்றி. உள்ளே ஆள் வைக்க வெறும் சுவரில் இடம் போதாது. அடைத்த வாசலாக மாற்றுங்கள். சுவர் கனம் 2 அடி, வாசல் 3 அடிக்கு 6½ அடி. இரண்டு பக்கமும் 4½ அங்குலக் கட்டு எழுப்பினால் நடுவில் 15 அங்குலம் மிஞ்சும். 9 அங்குலக் கல் என்றால் ஒரு முகத்துக்குச் சுமார் 100, ஆக 200 கல். கூடவே மணல், நீற்றிய சுண்ணாம்பு. கொலைகாரன் ஒருவனே செய்தால் ஒரு ராத்திரியில் முடியாது. இத்தனை சரக்கு எப்படி உள்ளே வந்தது என்பதே ஒரு துப்பு.

கொத்து வேலை தெரியாதவன் கல்லை ஊறப்போட மாட்டான். உலர்ந்த கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும், சாந்து பொடியாக உதிரும். கட்டு இறுகி அமரும்போது மேலே உத்தரத்துக்கு அடியில் மயிரிழை விரிசல் விடும். கடல் மணல் போட்டிருந்தால் ஓதம் ஏறி உப்புப் பூக்கும். பழைய சுவர் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, தயிர் சேர்த்துக் கல்லால் தேய்த்த பளிங்குப் பூச்சு. அந்த வழவழப்பு ஒட்டுப்போட்ட இடத்தில் வராது. விளக்கைச் சுவரை ஒட்டிப் பிடித்தால் வாசலின் வடிவம் எழுந்து வரும்.

நிரூபிக்க மஞ்சள் போதும். ஆரத்தி கரைக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்தது: மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். பல வருஷச் சுவரில் சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் கல்லாகியிருக்கும், மஞ்சள் நீர் ஏறக்குறைய மஞ்சளாகவே நிற்கும். புதுச் சாந்து மேல்தோல் சில வாரத்தில் மாறினாலும் உள்ளே மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், தொட்டதும் ரத்தச் சிவப்பு. பண்டிகைக்கு வெள்ளையடித்திருந்தால் சுவர் முழுக்கச் சிவந்து ஏமாற்றும், ஆகவே ஆணியால் அரை அங்குலம் தோண்டி உள்ளிருந்து எடுக்கணும்.

கேட்டவர்: மாடிப்பூங்கா

மஞ்சள் மிகப் பொருத்தம், நன்றி. சுவரிலேயே பூசினால் கறை நிற்குமே? இன்னொன்று, உபதேசியார் மகளுக்கு ரசாயனம் எப்படித் தெரியும்?

பதில்: கல்மண்டபம்

மதராஸ் மெடிக்கல் காலேஜ் 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது, மேரி ஷார்லீப் அவர்களில் ஒருவர். பின்னாளில் நாவலாசிரியரான கிருபாபாய் சத்தியநாதன் 1878-ல் சேர்ந்து உடல்நலக் குறைவால் ஒரு வருஷத்தில் விட்டார். அன்னம்மாளும் ஓராண்டு படித்து நின்றவளாக இருக்கட்டும். ரைன்ஷ் சோதனைக்கு அந்தப் படிப்பு போதும், பிழை செய்யவும் இடம் இருக்கும். கோஷா வீட்டுச் சாட்சி, அதாவது அந்நிய ஆண் முன் வராத பெண், ஒன்றையும் சேருங்கள். இன்ஸ்பெக்டர் திரைக்கு வெளியே நிற்கவேண்டும், அவள் உள்ளே போய் உட்கார்ந்து பேசலாம்.

பதில்: மட்டக்கோல்

சுவரில் பூசவேண்டாம். புளித்தண்ணி சிவப்பை மஞ்சளாக்கும், கறையை எடுக்காது. வாசல் இருந்த இடத்திலும் பத்தடி தள்ளியும் கொஞ்சம் சுரண்டி, இரண்டு வெற்றிலையில் தனித்தனியாக மடித்துக்கொண்டு போகட்டும். துளையில் சுண்ணாம்பை அப்பிவிடலாம். வெற்றிலை, சுண்ணாம்புக் கரண்டகத்தோடு துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கரண்டகத்துச் சுண்ணாம்பு அந்தப் பொடியில் ஒரு துளி பட்டாலும் சோதனை பாழ், அதனால் கரண்டகத்தை ஒரு கையாலும் மடிப்புகளை மறு கையாலும் மட்டுமே தொடட்டும்.