பத்தில் ஒன்று, பிடியரிசி, ஏலப் பாக்கி: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

சேகரப் பொருளாளர் (சேகரம்: சில சபைகள் சேர்ந்த வட்டாரம்), தூத்துக்குடி மாவட்டம்

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுக்கிற பத்தில் ஒன்றை (தசமபாகம்) எதில் எடுப்பது என்றுதான். மொத்தச் சம்பளம் 26,400, பி.எஃப். பிடித்தம் 1,800, கைக்கு 24,600 என்று வையுங்கள். கைக்கு வருவதில் எடுத்தால் 2,460, மொத்தத்தில் எடுத்தால் 2,640. முதல் வழி என்றால், பின்னால் பி.எஃப். பணம் வரும்போது முழுத் தொகைக்கும் எடுக்க வேண்டும். இரண்டாவது வழியில் முதலாளி பங்குக்கும் வட்டிக்கும் எடுத்தால் போதும். எது வேண்டுமானாலும் சரி, வருஷத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

அதைவிட முக்கியம் எடுக்கிற நாள். மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. 1 கொரிந்தியர் 16:2-ல் பவுல் சொல்வது 'தன்னிடத்திலே சேர்த்துவைக்கக்கடவன்'. ஆலயத்துக்கு வருமுன்னே வீட்டில் பிரித்துவிட வேண்டும். சம்பளம் ஏறிய அன்றே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கு 500 ரூபாய் இருப்பு போதும். ஜிபே இணைத்த கணக்கிலேயே கிடந்தால் டீயிலும் பெட்ரோலிலும் கரைந்துவிடும். சபைச் சங்கக் காணிக்கை, மிஷனரிப் பணம், அவசர உதவி எல்லாம் அந்தத் தனிக் கணக்கிலிருந்து போகட்டும்.

பலசரக்குக் கடை

கடைக்காரங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது அண்ணாச்சி. வியாபாரம் 8,000 ஆனால் அது வரவு இல்லை. நூற்றுக்குப் பத்து நின்றால் 800. வாடகை, கரண்ட், பையன் சம்பளம் என்று நாளுக்கு 350 போனால் மீதி 450. அதில் பத்தில் ஒன்று 45. தினமும் கடை சாத்துமுன் 50 ரூபாய் ஒரு டப்பாவில் போட்டு, மாதம் முடிந்ததும் கணக்கை நேர் செய்யலாம். டப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. சில்லறை இல்லாத நேரம் கை தானாக அதற்குள் போகும்.

பெண்கள் ஐக்கிய சங்கம்

பணம் கையில் புழங்காத வீட்டுக்கு, சமைக்கும்போது ஆலயத்துக்கென்று எடுத்து வைக்கிற பிடியரிசிதான் சரி. உலையில் போடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். சாக்கிலிருந்து தனியாக அள்ளிப் போட்டால் சாப்பாடு குறையாது, அது பிடியரிசியும் ஆகாது. ஒரு பிடி 40 கிராம் என்றால், இரண்டு வேளைக்கு மாதம் 2.4 கிலோ.

கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று வண்டு. காய்ந்த மிளகாய் நாலு போட்டு, ஈரமில்லாத கலயத்தில் வைத்து, வாராவாரம் ஆலயத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இன்னொன்று, பச்சரிசி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழுவது. கலந்த அரிசி சோறாகவும் சரியாக வேகாது, விலையும் போகாது. மூன்று சாக்கு வைத்தால் தீர்ந்தது. ஒரே வேளை குக்கர் வைக்கிற வீடுகள் அந்த அரிசியின் விலையைக் காணிக்கைக் கவரில் போடலாம்.

சேகரப் பொருளாளர்

அக்கா சொன்னதோடு ஏலத்தையும் சேர்க்கணும். காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகும், எல்லாருக்கும் உற்சாகம். கடனுக்கு எடுத்தவர் பெயர் பாக்கி நோட்டில் ஏறிவிட்டால் மறு பண்டிகை வரைக்கும் ஆலயத்துக்கு வரவே கூச்சப்படுவார். ஏலம் கேட்கும் தொகையைக் கவரில் போட்டுக்கொண்டு வாருங்கள், கவர் தீர்ந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். கமிட்டி ரொக்கத்துக்கு மட்டும் விட்டால் தொகை குறையும்தான். பாக்கி வசூலிக்க வீடு வீடாக நடப்பதைவிட அது மேல்.

வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர்

நகையை அடகு வைத்துக் காணிக்கை போடுவதை யாரும் சாட்சியாகச் சொல்ல வேண்டாம். லட்சத்துக்கு வருஷ வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் 1,000. வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கிறார்கள், அசல் அப்படியே நிற்கிறது. 2 கொரிந்தியர் 8:12 'இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே' என்கிறது. பெற்றோர் மருந்துக் காசைக் குறைத்துக் கொடுப்பதும் மாற்கு 7-ல் இயேசு கண்டித்த கொர்பான்தான், அதாவது பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழிப்பது.

எளிமை என்றால் பழைய சட்டை போடுவது என்று நினைக்கிறோம். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி எழுதிய கணக்கு ஒன்று உண்டு. ஆக்ஸ்போர்டு மெதடிஸ்டு ஒருவர், அது வெஸ்லியேதான் என்பார்கள், வருஷம் 30 பவுண்டு வரவில் 28-ல் வாழ்ந்து 2 கொடுத்தார். வரவு 60, 90, 120 என்று ஏறியபோதும் செலவு 28-ஐத் தாண்டவில்லை. கொடுத்தது 32, 62, 92. அந்த 28-ஐ நாம் யாரும் எழுதி வைப்பதில்லை. வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை குறித்து, விலைவாசிக்கு மட்டும் ஏற்றுங்கள், சம்பள உயர்வுக்கு அல்ல. கிறிஸ்மஸ் துணிமணிக்கு 10,000 என்றால் ஆகஸ்டிலிருந்து மாதம் 2,000 வீதம். டிசம்பரில் தேடினால் கடன்தான்.

பலசரக்குக் கடை

ரசீது வாங்கினால் வரி குறையுமா சார்?

வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர்

பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். வாங்குகிற நிறுவனத்துக்கு அதற்கான பதிவு இருக்க வேண்டும், சபைச் சங்கக் காணிக்கை ரசீதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு கிடையாது, செக்கோ ஆன்லைனோதான்.