மறு: 'சம விழுக்காடு' வேண்டாம், 'பெருக்குப் பாய்வியல்பு' எப்படி?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வால்வு திறப்புக்கும் பாய்வுக்கும் உள்ள உறவைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை இரண்டு வாரமாக எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சேலத்தில் கட்டுப்பாட்டு வால்வுகளை, அதாவது ஆலைக் குழாய்களில் பாய்வைக் கூட்டிக் குறைக்கும் வால்வுகளை, கழற்றி மாட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் இலக்கணம் பார்ப்பதை விட, பட்டறையில் சொன்னால் புரியுமா என்றுதான் பார்ப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

> முதலில் வால்வுக்கே தமிழ் முடிவாகட்டும். ஓரதரா, மதகா?

இதை இப்போது தொட்டால் ஆடி போய் ஆவணி வந்துவிடும். ஓரதர் என்றால் ஒரு பக்கமாக மட்டும் விடும் பாதை என்று காதில் விழுகிறது; அது செக் வால்வுக்குப் பொருந்தலாம், மற்றவற்றுக்கு ஒட்டாது. மதகு நல்ல சொல், ஆனால் மேட்டூரில் மதகு என்றால் வேறு அளவு, வேறு வேலை. சைக்கிள் டியூபிலும் இதயத்திலும் வால்வு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அப்படியே இருக்கட்டும்.

ப்ளோ கேரக்டரிஸ்டிக்குக்குச் சொன்ன 'பாய்வியல்பு' எனக்குச் சம்மதம். வால்வின் தண்டு எவ்வளவு ஏறினால் எவ்வளவு பாயும் என்ற உறவைத்தானே சொல்கிறோம்? 'சிறப்பியல்பு வளைகோடு' என்று எழுதினால் படத்தில் இடம் பத்தாது.

> ஈக்குவல் பெர்சன்டேஜ் = சம விழுக்காடு. நேரடியாக இருக்கிறது. இதில் என்ன குழப்பம்?

குழப்பமே அந்த நேரடியில்தான். புதிதாக வரும் பையனிடம் 'சம விழுக்காட்டு வால்வு' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாதி திறந்தால் பாதி பாயும் என்பான். அவன் சொல்வது லீனியர், அதாவது நேர்கோட்டு வகை! இங்கே சமமாக இருப்பது மொத்தப் பாய்வின் விழுக்காடு இல்லை. ஒவ்வொரு படியிலும் அப்போது இருக்கும் பாய்வு எவ்வளவோ, அதன் மேல் ஒரே விழுக்காடு கூடுகிறது. வீச்சு விகிதம் (கட்டுப்படுத்த முடிந்த மிகப் பெரிய பாய்வு மிகச் சிறிய பாய்வைப் போல் எத்தனை மடங்கு என்பது) 50 என்று வைத்துக்கொண்டால், தண்டு 10 விழுக்காடு ஏறும்போதெல்லாம் பாய்வு ஏறக்குறைய 1.48 மடங்காகும். 10-லிருந்து 20-க்கு ஏறும்போது பாய்வு 3-லிருந்து 4.4 விழுக்காடு ஆகும், அவ்வளவுதான். 80-லிருந்து 90-க்கு ஏறும்போது 46-லிருந்து 68-க்குத் தாவும். பாதித் திறப்பில் 14 விழுக்காடுதான் பாயும். (வால்வின் இரு பக்க அழுத்த வேறுபாடு மாறாமல் இருக்கும்போது வரும் கணக்கு இது. அது மாறினால் என்ன ஆகும் என்று கீழே எழுதுகிறேன்.)

இந்தப் பெயரால் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு ஆலைக்காகத் தமிழில் ஒரு பயிற்சித் தாள் எழுதிக் கொடுத்தேன். பெருமையாக 'சம விழுக்காடு' என்று போட்டேன். நீராவி லைனில் இருந்த வால்வின் பிளக் (தண்டின் நுனியில் இருந்து வழியை அடைக்கும் துண்டு) ஏற்கெனவே ஈக்குவல் பெர்சன்டேஜ் வளைவுக்குக் கடைந்தது. பொசிஷனரை (சிக்னலுக்கு ஏற்பத் தண்டை நிறுத்தும் கருவியை) மாற்றிய தம்பி, மெனுவில் லீனியரை எடுக்க வேண்டிய இடத்தில் ஈக்குவல் பெர்சன்டேஜை எடுத்துவிட்டான். ஏனென்றால் என் தாளைப் படித்து, சிக்னல் எவ்வளவோ திறப்பும் அவ்வளவு என்று புரிந்துகொண்டான். வளைவின் மேல் வளைவு. 50 விழுக்காடு சிக்னலுக்குத் தண்டு 14 விழுக்காடுதான் ஏறும்; அந்தத் திறப்பில் பாய்வு 3.5 விழுக்காடு. சூடு ஏறவில்லை, கன்ட்ரோலர் மேலே மேலே போகிறது, கடைசியில் ஒரேயடியாக நீராவி பாய்ந்து வெப்பம் எகிறுகிறது, மறுபடி இறங்குகிறது. ஊஞ்சல்தான். ஸ்டீம் டிராப்பை (நீராவி லைனில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் கருவியை) சந்தேகப்பட்டு அரை ஷிப்டு வீணானது. தம்பி மேல் தப்பில்லை, தாள் என்னுடையது.

பட்டறையில் ஒரு மூத்த பிட்டரிடம் இந்த வளைவை விளக்கியபோது அவர் சொன்னது: "அட, வட்டிக்கு வட்டின்னு சொல்லுங்க சார், முடிஞ்சுது." இவ்வளவு நாளில் நான் கேட்டதிலேயே சரியான விளக்கம் அதுதான். ஆனால் வால்வுக்கு அப்படிப் பெயர் வைத்தால் வாங்குகிறவர் பயந்துவிடுவார்.

அதனால் என் முன்மொழிவு 'பெருக்குப் பாய்வியல்பு'. பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை படித்த யாருக்கும் அடுத்த உறுப்பு என்றால் அதே எண்ணால் பெருக்க வேண்டும் என்று தெரியும். அப்புறம், எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பெருக்கு என்றாலே ஆடி 18, மேட்டூர், காவிரி. தண்ணீர் கூடக் கூட இன்னும் வேகமாகக் கூடுவது என்ற படம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

> அப்படியானால் லீனியர் = கூட்டுப் பாய்வியல்பு. ஜோடி பொருந்திவிட்டது!

எனக்கும் முதலில் ஆசை வந்தது. ஆனால் இதே இழையில் நம் குழும ஆசிரியர் ஐயா சுட்டிக்காட்டியது போல, கூட்டு வட்டி குறுக்கே நிற்கிறது. கூட்டு வட்டி வளர்வது பெருக்குத் தொடரில், கூட்டுத் தொடரில் அல்ல. பிட்டர் அண்ணன் உடனே மாற்றிப் பிடிப்பார். 'நேர்கோட்டுப் பாய்வியல்பு' போதும். ஜோடி பொருந்தாவிட்டால் போகிறது.

> பெருக்கு என்றால் எங்கள் வீட்டில் துடைப்பம்தான் ஞாபகம் வரும் :)

சரி அக்கா, அதற்கு என்னிடம் மருந்தில்லை.

மூன்றாவது வகையான குவிக் ஓப்பனிங்குக்கு 'விரைவுத் திறப்பு' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். விரைவு என்றால் நேரம். மின்காந்தத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வு மாதிரி படக்கென்று திறப்பது என்று நினைக்கத் தோன்றும். இங்கே தண்டு எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஏறலாம். ஏற்றத்தின் முதல் பகுதியிலேயே பெரும்பாலான பாய்வு வந்துவிடுகிறது என்பதுதான் செய்தி. தட்டையான வட்டு போன்ற பிளக் கொஞ்சம் எழுந்தாலே சுற்றிலும் வழி கிடைத்துவிடும். ஆகவே 'முந்து பாய்வியல்பு'.

இனி இன்ஹெரன்ட், இன்ஸ்டால்டு: வால்வு தனியாக இருக்கும்போது உள்ள பாய்வியல்பும், குழாயில் மாட்டியபின் வருவதும். 'உள்ளார்ந்த', 'நிறுவப்பட்ட' இரண்டும் அகராதித் தமிழ். அதைவிட, ஏற்காட்டில் மாமனாரின் காப்பித் தோட்டத்துக்கு வாருங்கள். மேட்டில் தொட்டி, அங்கிருந்து சரிவில் நீளமாக இறங்கும் ஒடுங்கிய குழாய், கடைசியில் ஒரு வால்வு. கொஞ்சம் திருகினாலே நாற்றுகளுக்கு வர வேண்டிய தண்ணீர் பெரும்பாலும் வந்துவிடும். மீதிச் சுற்றுகளைத் திருகினால் கைதான் வலிக்கும். வால்வு கெட்டுவிட்டதென்று மாமா இரண்டு முறை மாற்றினார். கெட்டது வால்வு இல்லை. தண்ணீர் வேகமாக ஓட ஓட, அழுத்தத்தைக் குழாய்தான் தின்கிறது.

கணக்கிலும் பார்க்கலாம். முழுத் திறப்பில் மொத்த அழுத்த இழப்பில் பத்தில் ஒரு பங்குதான் வால்வில் விழுகிறது என்று வையுங்கள். நேர்கோட்டு வால்வை 20 விழுக்காடு திறந்தாலே முழுப் பாய்வில் 54 விழுக்காடு வந்துவிடும். 50 திறந்தால் 88. அதாவது அது முந்து பாய்வியல்பாக மாறிவிட்டது. அதே இடத்தில் பெருக்கு வகையைப் போட்டால் 20-க்கு 14, 50-க்கு 41, 80-க்கு 85. ஏறக்குறைய நேர்கோடு! ஆலைகளில் பெருக்கு வகையை அதிகம் வாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, வால்வு தனியாக இருக்கும்போது உள்ளது 'தன்னியல்பு'. குழாயில் மாட்டியபின் வருவதற்கு 'களவியல்பு' என்று எழுதிப் பார்த்தேன். களம் என்று நான் நினைக்க, வீட்டில் படித்துப் பார்த்தவர் களவு என்று படித்தார். குழாய் அழுத்தத்தைத் திருடுவதால் அதுவும் பொருத்தம்தான்! இருந்தாலும் வேண்டாம், 'களத்தியல்பு' என்று வைப்போம்.

ஒன்று மட்டும் பாக்கி. மேலே சொன்ன பத்தில் ஒரு பங்கு என்ற விகிதத்தை ஆங்கிலத்தில் வால்வு அத்தாரிட்டி என்பார்கள். 'வால்வு அதிகாரம்' என்றால் தாசில்தார் அலுவலகம் மாதிரி இருக்கிறது. எங்கள் ஆட்கள் "வால்வுக்குப் பிடிமானம் இல்ல சார்" என்பார்கள். 'பிடிமானம்' என்றே வைக்கலாமா, அல்லது வேறு துறையில் அது ஏற்கெனவே எதற்காவது போய்விட்டதா? ஆசிரியர் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.