வளாகத்தின் நிலம், கட்டடம், குழாய் எல்லாவற்றையும் ஜிஐஎஸ்ஸில் (இடவிவரங்களைக் கணினி வரைபடமாக வைக்கும் முறை) கொண்டுவர எங்கிருந்து தொடங்குவது?

வளாகப்பொறியாளர்:
வணக்கம். கோவைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் எஸ்டேட் பிரிவில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். சுமார் 300 ஏக்கர், சின்னதும் பெரியதுமாக 60 கட்டடங்கள். போன மாதம் மாணவியர் விடுதி முன்னால் தண்ணீர்க் குழாய் உடைந்து சாலையெல்லாம் வெள்ளம், எந்த வால்வை மூடுவது என்று பணியில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவரை வீட்டுக்குப் போய் பைக்கில் அழைத்து வந்தோம். அவர் பழைய கேன்டீன் சுவரில் முதுகை ஒட்டி நின்று, நேராக ஒன்பது எட்டு வைத்து, "இங்க தோண்டுங்க" என்றார். ஒரு அடி ஆழத்தில் வால்வு இருந்தது. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே சரியாக இல்லை, இன்னும் எத்தனை வால்வு அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறதோ.

இதையெல்லாம் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா, கியூஜிஐஎஸ் போதுமா? முதலில் டிரோன் விட்டுப் படம் எடுக்க வேண்டுமா? கிழக்கு எல்லையில் ஆக்கிரமிப்பு இருக்கும் என்ற சந்தேகமும் உண்டு.

அடுக்குவரைபடம்:
கியூஜிஐஎஸ் தாராளமாகப் போதும், 2002லிருந்து வளர்ந்து வரும் இலவச மென்பொருள். டிரோன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பெயர்ப் பட்டியலைச் சரி செய்யுங்கள். எங்கள் வளாகத்தில் ஒரே கட்டடம் சொத்துப் பதிவேட்டில் "சிவில் பிளாக்", மின் கட்டணக் கோப்பில் "பழைய வொர்க்‌ஷாப்", தேர்வுப் பிரிவில் "ஏ பிளாக்". வரைபடம் வரைய ஆறு வாரம்தான் ஆனது, இந்தப் பெயர்களை ஒப்பிட்டு ஒவ்வொரு கட்டடத்துக்கும் மாறாத ஓர் எண் கொடுக்க நான்கு மாதம் ஆனது. அறைக்கும் அப்படியே: கட்டட எண், மாடி, அறை எண். துறை இடம் மாறலாம், பெயர்ப்பலகை மாறலாம், எண் மாறவே கூடாது. அந்த எண் இருந்தால்தான் பழுது புகார், ஏசி பராமரிப்பு ஒப்பந்தம், லிஃப்ட் உரிமம் என்று எந்த எக்செல்லையும் வரைபடத்தோடு இணைக்க முடியும்.

ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவில் சேமிக்காதீர்கள். அட்டவணைப் பத்தியின் தலைப்பு பத்து எழுத்துக்கு மேல் ஏற்காது, தமிழில் எழுதினால் பல நேரம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஜியோபேக்கேஜ் என்ற வடிவம் நல்லது. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் திருத்துவதாக இருந்தால் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தளத்துக்குப் போய்விடுங்கள். இன்னொன்று, யுடிஎம் என்ற ஆயத்தொலைவு முறையின் மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் நடுவே போகிறது. கோவை அதற்கு மேற்கே இருப்பதால் உங்களுக்கு யுடிஎம் மண்டலம் 43, மதுரை, திருச்சிக்காரர்களுக்கு 44. வேறு ஊர்க்காரர் கோப்பை அப்படியே வாங்கி அதன்மேல் வரைய ஆரம்பிக்காதீர்கள்.

எல்லைக்கல்:
நில அளவையில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் கிழக்கு எல்லையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கூகுள் படத்தின் மேல் கோடு போட்டு ஆக்கிரமிப்பு என்று யாருக்கும் கடிதம் எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு புல எண்ணுக்கும் (சர்வே எண்) எஃப்எம்பி, அதாவது புல அளவு வரைபடம் எடுங்கள், நிலத்தின் பரப்பும் உரிமையும் இருக்கும் அ பதிவேட்டின் நகலும் வேண்டும். எஃப்எம்பியில் பக்க அளவுகள் இருக்கும், அட்சரேகை தீர்க்கரேகை இருக்காது. ஒவ்வொன்றும் தனித்தனி ஏடு, பக்கத்துப் பக்கத்துப் புலங்களை ஒட்டினால் நடுவில் இடைவெளி விழும், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதைக் கணினியில் இழுத்துச் சரிக்கட்டினால் அளவே பொய்யாகிவிடும்.

களத்தில் கல் தேட வேண்டும். சீமைக் கருவேலம் வெட்டினால் பாதிக் கல்லாவது கிடைக்கும். கிடைத்த கல்லில் டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ் கருவி) வைத்து அளந்து, அந்தப் புள்ளிகளில் எஃப்எம்பியைப் பொருத்துங்கள். பழைய கிரயப் பத்திரம் ஏக்கர் சென்ட்டில் இருக்கும், இப்போதைய பதிவேடு ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும், ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். மாற்றும்போது கவனம். தகராறு என்று வந்தால் அரசு சர்வேயர் அளந்து தருவதுதான் செல்லும், உங்கள் வரைபடம் எங்கே அளக்கச் சொல்வது என்பதற்குத்தான்.

வளாகப்பொறியாளர்:
ஐயா, மிக்க நன்றி, அந்தக் கடிதத்தைத் தட்டச்சே செய்து வைத்திருந்தோம், நிறுத்திவிட்டேன். அப்புறம் குழாய்க்கு என்ன வழி? வரைபடங்கள் என்று இருப்பவை 1980களின் நீல நகல்கள், அதில் போட்ட மாதிரி தரையில் எதுவும் இல்லை.

நீர்வழி:
அந்தப் பெரியவரை உடனே அழைத்து வாருங்கள் சகோ. மென்பொருளெல்லாம் ஆறு மாதம் காத்திருக்கும். ஒரு நாள் சம்பளத்துக்கு அனுமதி வாங்கி, காலை வெயில் ஏறும் முன் அவரோடு நடங்கள். கையில் கியூஃபீல்ட் (களத்தில் பதிய உதவும் கியூஜிஐஎஸ் செயலி) போட்ட கைபேசி, டேப், சுண்ணாம்பு. நாங்கள் அப்படித்தான் பதினோரு நாளில் 140 வால்வு பதிந்தோம்.

கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் மோசம். தோண்டுகிறவனுக்கு அது பயன்படாது. அதனால் ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்துக் கட்டடத்தின் இரண்டு மூலையிலிருந்து டேப் அளவு எடுத்து எழுதினோம், மூலை தெரியும்படி ஒரு படமும் எடுத்தோம். வால்வின் அளவு, எந்தப் பக்கம் சுற்றினால் மூடும், மூடினால் எங்கெங்கே தண்ணீர் நிற்கும், இந்தக் கடைசி விவரத்தைக் கட்டாயம் கேளுங்கள். எங்களுக்கு ஆய்வக வால்வு ஒன்றை மூடினால் மருத்துவ மையத்திலும் தண்ணீர் நிற்கும் என்பதே அப்படித்தான் தெரிந்தது.

இரும்புக் குழாயைக் கருவி வைத்துக் கண்டுபிடிக்கலாம், பிவிசியை அந்தக் கருவி காட்டாது. இனிமேல் புதைக்கும் பிவிசிக்கு மேல் ஒரு செம்புக் கம்பி போட வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். வேலை முடிந்த வரைபடத்தை ஆயத்தொலைவுகளோடு கொடுத்தால்தான் கடைசி பில் என்றும் சேருங்கள். குழியை மூடும் முன் படம் எடுக்க ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) நேரில் போக வேண்டும், மூடிய பிறகு யார் சொல்வதையும் நம்ப முடியாது.

வளாகப்பொறியாளர்:
பெரியவரிடம் இப்போதுதான் போனில் பேசினேன். முட்டி வலி, நடக்க முடியாது, ஆனால் பேட்டரி வண்டி அனுப்பினால் திங்கள் ஆறு மணிக்கே தயாராக இருக்கிறேன் என்றார். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தொடங்கச் சொல்கிறார். கியூஃபீல்ட் படிவத்தில் வேறு என்னென்ன கட்டம் வைத்தீர்கள் என்று ஞாயிற்றுக்குள் சொல்ல முடியுமா?

நீர்வழி:
இன்று இரவே படிவத்தை அனுப்புகிறேன். "யார் சொன்னது" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் அவர் பெயரை முழுசாகப் போடுங்கள்.