டெல்லி – டோக்கியோ: போக 11 மணி நேரம், திரும்ப ஆறே கால் மணி நேரமா?

கேள்வி:
ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு டெல்லியிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்குப் போகிறேன். டிக்கெட்டில் உள்ள நேரங்கள் குழப்புகின்றன. இரவு 8.00 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 7.00 மணிக்கு இறங்குகிறோம். திரும்பும்போது காலை 11.15-க்கு ஏறினால் அன்று மாலை 5.30-க்கே டெல்லி. இரண்டும் நேரடி விமானங்கள். போகும் விமானம் எங்கேயாவது சுற்றிச் செல்கிறதா? அம்மா எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை போடுகிறார். அதனால்தான் சரியான பயண நேரம் வேண்டும்.

பதில் 1:
டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது 11-லிருந்து அதைக் கழியுங்கள்: ஏழரை மணி நேரம். வரும்போது ஆறே காலுடன் கூட்டுங்கள்: ஒன்பதே முக்கால். நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக, திரும்பும் பயணம்தான் நீளம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனால் தூரம் ஒன்றுதானே? இரண்டே கால் மணி நேரம் எப்படி அதிகமாகிறது?

பதில் 2:
நேர்த்தூரம் சுமார் 5,900 கி.மீ. வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது சில நாள்களில் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் மோதும். மேற்கிலிருந்து வீசுவதை நாம் மேல்காற்று என்போம். இது இரண்டு பொருளிலும் மேல்காற்றுதான். 1920-களில் டாடெனோ என்ற ஊரில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசபுரோ ஓயிஷி. அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற, செயற்கையாக உருவாக்கப்பட்ட மொழியில் வெளியிட்டதால் வெளியுலகில் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சுற்றிச் செல்கிறதா என்று கேட்டீர்கள். இரு திசையிலும் கொஞ்சம் சுற்றுதான். மிகக் குறுகிய பாதை திபெத்துக்கு மேலே போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும். திபெத்தில் தரையே 4,000 மீட்டருக்கு மேல். அதனால் பெரும்பாலான விமானங்கள் தெற்கே விலகிப் பறக்கின்றன.

பதில் 3:
மாத்திரைக்கு ஒரு வழி: ஒரு கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவிடுங்கள். போகும்போது ஏறியதும் இரவு 8 மணிக்கு ஒன்று கொடுத்தால், அடுத்தது இந்திய நேரம் அதிகாலை 4.00. அப்போது நரிட்டாவில் 7.30, இறங்கியிருப்பீர்கள். திரும்பும்போது டோக்கியோ நேரம் 11.00-க்கு ஒன்று கொடுத்தால் அடுத்தது இந்திய நேரம் 3.30. டெல்லி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும், ஆகவே வானத்திலேயே கொடுக்க வேண்டும். மாத்திரைகளைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
3.30-க்கு அலைபேசியில் அலாரம் வைத்துவிட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.