பஸ் நிலையத்தில் பல் வெளுக்கவைக்கும் போத்தல்: கண்டவர்கள் எழுதுங்கள்

உப்புவெளி வாசகி:

ஒரே நிமிடத்தில் பல்லை வெளுக்கவைப்பதாகச் சொல்லி விற்கும் அந்தப் போத்தல்தான். கூட்டம் சேரும் இடங்களில் நீங்களும் கண்டிருப்பீர்கள். நான் கண்டது திருகோணமலை பஸ் நிலையத்துக்கு அருகில். சீருடையில் நின்ற பையன் ஒருவனை முன்னுக்கு அழைத்து, பஞ்சை மருந்தில் நனைத்து, அவன் முன்பற்களில் தேய்த்தார் விற்பவர். மஞ்சள் கழன்று பல் பளீரென்றது. சுற்றி நின்றவர்கள் பணத்தை எடுத்தார்கள். என் கண் பையன் மீதே இருந்தது. அவன் பக்கத்துக் கடையில் ஐஸ்பழம் வாங்கி ஒரு கடி கடித்தான். அடுத்த கணம் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான். ஐஸ்பழம் வீதியில் விழுந்து கரைந்தது. விற்பவரோ அடுத்த ஆளின் உதட்டை விலக்கிக்கொண்டிருந்தார்.

"இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "மூலிகை, அக்கா" என்றார். அமிலம் இல்லாமல் அப்படி வெளுக்குமா? அழுக்கோடு, பல்லின் கடினமான மேற்படலமான எனாமலையும் அல்லவா கரைக்கிறார்கள்!

கந்தளாயிலிருந்து:

போத்தல்காரரோடு மட்டும் நிறுத்திவிட வேண்டாம். அவரிடம் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்றும் பாருங்கள். என் அக்கா மகன் ஹொரவப்பொத்தானையில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். முன்பற்களில் பழுப்புக் கோடுகள். அவன் தங்கையின் கல்யாணத்தில் படம்பிடிப்பவர், "தம்பி, கொஞ்சம் சிரியுங்கள்" என்றார். கையிலிருந்த தட்டை வாய்வரை உயர்த்திவிட்டான். ஆல்பத்தில் அந்தப் படம் அப்படியே இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பொறுப்பதில்லை.

அந்தக் கோடுகளுக்குக் காரணம் கிணற்று நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. அநுராதபுர மாவட்டத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் பல. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுவரை, அந்தத் தண்ணீரையே குடித்தால் எனாமல் உருவாகும்போதே பழுதாகிவிடுகிறது. அது வெளியே ஒட்டிய கறை அல்ல, எந்தப் போத்தலாலும் தேய்த்து எடுக்க முடியாது. தண்ணீரைக் கொதிக்கவைத்தும் பயனில்லை. நீர் ஆவியாக, ஃபுளோரைட்டின் செறிவு கூடத்தான் செய்யும்.

மூதூர்க்காரன்:

அப்படியானால் ஃபுளோரைடு போட்ட பற்பசையை ஏன் விற்கிறார்கள்? மருந்துக்கடையில் ஒரு தாய், "அது விஷமாம், இல்லாததைத் தாருங்கள்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கடைக்காரர் வாயே திறக்கவில்லை. எங்கள் வாப்பா உமிக்கரியையும் வேப்பங்குச்சியையும் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. கடைசிவரை கரும்பு கடித்தார்.

மட்டிக்களி வாசகன்:

மூதூர் நண்பருக்கு விளக்கமாகவே எழுதுகிறேன். அதற்கு முன் நான் கண்டது. என் மச்சான் இரவில் கொட்டியாரக் குடாவில் வலை போடுகிறவர். நித்திரை வராதிருக்க, விடியும்வரை இனிப்புச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார். பல் வைத்தியர் அவருடைய முன்பல்லுக்குப் பின்னால் சிறு விளக்கைப் பிடித்தார். பல்லின் நுனி கண்ணாடி போல வெளிச்சத்தை விட்டது; சோடாவின் அமிலம் எனாமலை அவ்வளவு மெலிதாக்கியிருந்தது.

இனி விஷயம். ஃபுளோரைடைத் தண்ணீரோடு நாளெல்லாம் அளவுமீறி விழுங்குவது வேறு, பற்பசையைத் தேய்த்துத் துப்புவது வேறு. வாயில் அமிலம் கூடி, அதைக் காட்டும் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கல்சியமும் பொஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். உமிழ்நீர் அவற்றை மெல்லத் திருப்பிக் கொடுக்கும். அந்நேரம் ஃபுளோரைடும் இருந்தால், திரும்பப் படிவது முன்னையதைவிட அமிலத்தைத் தாங்கும். ஆனால் தேய்ந்தோ குழி விழுந்தோ போன எனாமல் மறுபடி வளராது. அதை உருவாக்கிய கலங்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. மச்சானுக்கு இழந்தது இழந்ததுதான்.

ஆகவே, சோடாவோ சீனி போட்ட பிளேன் டீயோ, சாப்பாட்டோடு குடித்து முடித்துவிடுங்கள்; மணிக்கணக்காக உறிஞ்ச வேண்டாம். மாங்காய், தேசிக்காய்ச் சாறு எடுத்த கையோடு பிரஷைத் தொடாதீர்கள். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணிநேரமாவது பொறுங்கள். பற்பசைக் குழாயில் 1000 முதல் 1500 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழ் ஓர் அரிசி அளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு போதும். இரவில் பல் தீட்டியபின் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டு அலசாதீர்கள். அலசினால் ஃபுளோரைடும் போய்விடும். உமிக்கரி சொரசொரப்பானது. அழுத்தித் தேய்த்தால் எனாமலையும் சேர்த்தே தேய்க்கும்.

தம்பலகாமத்துத் தாய்:

வாப்பாவின் பல்லை வைத்து இன்றைய பிள்ளைகளின் பல்லை அளக்க முடியாது. அவர் காலத்தில் பாடசாலை வாசலில் இத்தனை இனிப்பு விற்கவில்லை.

என் மகளின் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் சிகிச்சையாளர் காற்றடித்து அவள் பல்லைக் காயவைத்தார். ஈறோரம் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. மகள் நாக்கால் தடவியதும் மறைந்தது. மறுபடி காயவைத்தார், மறுபடி வந்தது. "சூத்தை இப்படித்தான் தொடங்கும். இன்னும் துளை விழவில்லை, இப்போதே பிடித்துவிட்டால் நிறுத்தலாம்" என்றார். எத்தனை வீடுகளில் இந்தக் கோட்டைக் காணாமலே இருக்கிறோம்! அன்றிலிருந்து எந்தப் பிள்ளை சிரித்தாலும் என் கண் ஈறோரம்தான் போகிறது.

ஃபுளோரைடு பூச்சுப் பூசி அனுப்பினார். அடுத்த முறை பார்த்தபோது கோடு அங்கேயேதான் இருந்தது, ஆனால் பரவவில்லை. சொரசொரப்புப் போய் வழவழப்பாகியிருந்தது. துளைக்கும் கருவியை அவர் எடுக்கவே இல்லை.