அட்டை இல்லாத ஆச்சி வாக்களித்தார். அட்டை இருந்தவர் திரும்பினார்

வாக்களிக்க அடையாளச் சான்று கேட்பது முதியோரையும் ஏழைகளையும் விலக்கிவிடும் என்று நண்பர்கள் சிலர் அஞ்சுவதால், 2024 மே 20 அன்று மக்களவைத் தேர்தலின்போது மும்பை தாராவியில் நான் நேரில் கண்டதைப் பகிர்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நெடுங்காலமாக எங்கள் தெருவில் வாழும் ஆச்சி ஒருவரின் வாக்காளர் அட்டை மழைவெள்ளத்தில் போய்விட்டது. அவர் ஆதார் அட்டையை நீட்டியபோது, சாவடியிலிருந்த அலுவலர் ஒருவர் வாக்காளர் அட்டைதான் வேண்டும் என்றார். "அப்போ எனக்கு ஓட்டு கெடையாதாய்யா?" என்று ஆச்சி கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறியது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, புகைப்படமுள்ள வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை உள்ளிட்ட 12 மாற்று ஆவணங்களில் ஒன்று போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. அதைத் தலைமை அலுவலரிடம் எடுத்துச் சொன்னவுடன் அவர் அனுமதித்தார்.

அடையாளம் கேட்கவே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த 1993-இல் புகைப்பட அட்டை வந்ததே கள்ள ஓட்டைத் தடுக்கத்தான். நம் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டால் நமக்கு 'ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு' என்ற தனிச் சீட்டு தருவார்கள்; ஆனால் வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. ஆகவே முன்கூட்டியே தடுப்பதுதான் வழி. மும்பைத் தமிழர்களுக்குப் பெயர்ச் சிக்கல் ஒன்றும் உண்டு: ஊரில் முதலெழுத்தோடு வழங்கும் பெயர், இங்கே தந்தை பெயரோடு தேவநாகரியில் நீண்டு, ஆவணத்துக்கு ஆவணம் மாறிவிடுகிறது. ஆள் இன்னார் என்று உறுதியானால் சிறு எழுத்துப்பிழைகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஆணையமே கூறியிருப்பதைச் சாவடி ஊழியர் அனைவருக்கும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. அதே வரிசையில் நின்ற இளைஞர் ஒருவரிடம் அசல் வாக்காளர் அட்டையே இருந்தது; பட்டியலில் பெயர் இல்லை. வாடகை வீடு மாறியபோது முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை; பழைய முகவரியில் ஆள் இல்லை என்று பெயரை நீக்கியிருந்தார்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் பெயர் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லாததால், அன்று எந்த ஆவணமும் அவருக்கு உதவவில்லை. அடிக்கடி வீடு மாறும் கூலித் தொழிலாளர் நிறைந்த தாராவியில் வாக்குரிமை பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் கருத்து. அந்த இளைஞர் பிறகு பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்து, அவ்வாண்டு நவம்பர் 20 அன்று நடந்த மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தார்.